கூடைப்பந்து கார்டுப் பெட்டியைப் பிரிக்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வீரர் கார்டுகளைப் புதிதாக வாங்க ஆரம்பிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இவற்றில் பலவற்றுக்குப் பதில் பெட்டியின் மேலும் கார்டின் முதுகிலும் பொடி எழுத்தில் ஏற்கெனவே அச்சாகித்தான் இருக்கிறது. யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான். ஆகவே இந்தப் பக்கத்தில் பாதி, எதை எங்கே படிக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

ரீடெய்ல் பெட்டி, ஹாபி பெட்டி என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

அமெரிக்காவில் வால்மார்ட், டார்கெட் மாதிரியான பெரிய கடைகளின் அலமாரிக்கு வருவது ரீடெய்ல். கார்டு விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் கடைகளுக்குப் போவது ஹாபி. இரண்டும் ஒரே வெளியீடுதான், கார்டின் வடிவமைப்பும் ஒன்றுதான். உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. ஹாபி பெட்டியின் மேல் இத்தனை ஆட்டோகிராஃப் உண்டு என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். விலையும் அதற்கேற்ப ஏறும். ரீடெய்லில் பொதுவாக அந்த வாக்குறுதி கிடையாது. கையெழுத்து வரலாம், வராமலும் போகலாம்.

ரீடெய்லிலேயே பல வடிவங்கள் உண்டு. சில பாக்கெட்டுகள் மட்டும் கொண்ட சின்னப் பெட்டி பிளாஸ்டர். அதைவிடப் பெரியது மெகா. கொக்கியில் தொங்குவது ஹேங்கர். ஒரே உறையில் நிறைய கார்டுகளை அடைத்துத் தருவது ஃபேட் பேக். சில வண்ணக் கார்டுகளை (அதே கார்டு, வேறு நிறத்தில்) ரீடெய்லுக்கு மட்டும் என்றே ஒதுக்குவார்கள். ஹாபிக்காரர்களும் பிளாஸ்டர் வாங்குவதற்கு அது ஒரு காரணம்.

பனினி வாங்குவதா, டாப்ஸ் வாங்குவதா?

இரண்டும் கார்டு நிறுவனங்கள். எந்த சீசன் கார்டு வேண்டும் என்பதைப் பொறுத்தது. 2009-10 சீசனிலிருந்து என்.பி.ஏ. கார்டு போடும் தனி உரிமை பனினியிடம் இருந்தது. பிரிஸம், செலக்ட், மொசைக், டான்ரஸ், ஹூப்ஸ் என்று இன்று பேசப்படும் பெயர்களெல்லாம் அந்தக் காலத்து பனினி வெளியீடுகள். பிரிஸம் 2012-13இல் அறிமுகமானது. 2022இல் ஃபனாடிக்ஸ் நிறுவனம் டாப்ஸை வாங்கியது. 2025-26 சீசனிலிருந்து என்.பி.ஏ. உரிமம் டாப்ஸ் பக்கம் வந்துவிட்டது. ஆகவே லூகா டோன்சிச்சின் ரூக்கி (முதல் சீசன் கார்டு) வேண்டுமென்றால் 2018-19 பனினி பெட்டி. 2025 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதலாவதாக எடுக்கப்பட்ட கூப்பர் ஃபிளாக் என்.பி.ஏ. சட்டையில் வேண்டுமென்றால் டாப்ஸ்.

வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். 'டிராஃப்ட் பிக்ஸ்' என்ற பெயரில் வரும் பெட்டிகளில் வீரர்கள் கல்லூரிச் சட்டையில் இருப்பார்கள். அட்டையின் நிறமும் எழுத்தும் என்.பி.ஏ. பெட்டி மாதிரியே இருப்பதால், அவசரத்தில் எடுத்துவிட்டு வீட்டில் வந்து முழிப்பவர்கள் உண்டு. சேகரிப்பவர்கள் என்.பி.ஏ. சட்டைக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்கிறார்கள். அப்புறம், மைக்கேல் ஜோர்டன் தனி ஒப்பந்தத்தில் அப்பர் டெக் நிறுவனத்துடன் இருந்ததால், அந்த பனினி பெட்டிகளில் அவரைத் தேடிப் பயனில்லை.

பாக்கெட்டின் பின்னால் ஒரு அரிய கார்டுக்கு 1:48 என்று போட்டிருக்கிறது. 48 பாக்கெட் வாங்கினால் ஒன்று நிச்சயமா?

இல்லை. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் வரி இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அந்த எண் மொத்த அச்சடிப்புக்குமான சராசரி. உங்கள் கையில் இருக்கும் பெட்டிக்கு அது எந்த வாக்கும் தருவதில்லை. பெட்டியில் 6 பாக்கெட் என்று வைத்துக்கொள்வோம். 1:48 வாய்ப்புள்ள கார்டு அந்தப் பெட்டியில் வராமல் போவதற்கான சாத்தியம் சுமார் 88 சதவீதம். சரி, விடாமல் 8 பெட்டி வாங்கி 48 பாக்கெட்டையும் பிரித்தாயிற்று. அப்போதும் ஒன்றுகூட வராமலிருக்க சுமார் 36 சதவீதம் வாய்ப்பிருக்கிறது. மூன்று பேர் தலைக்கு 8 பெட்டி பிரித்தால், அவர்களில் ஒருவர் வெறுங்கையோடு எழுந்து போவார் என்று எதிர்பார்க்கலாம்.

அதே வரியை வைத்து இன்னொரு கணக்கும் போடலாம், எனக்கு இதில் ஒரு தனி சுவாரசியம். ஒரு வண்ணக் கார்டுக்கு 99 பிரதிகள்தான். பட்டியலில் 300 வீரர்கள். மொத்தம் 29,700 கார்டுகள். அவை ஒரே வகை பாக்கெட்டில் மட்டும் வருகின்றன, வாய்ப்பு 1:20 என்றால், ஏறக்குறைய 5,94,000 பாக்கெட் அச்சாகியிருக்கிறது. பல வகைப் பெட்டிகளில் பிரித்துப் போட்டிருந்தால் கணக்கு சிக்கலாகும். ஆனாலும் 'குறைவான வெளியீடு' என்று விற்பனையாளர் சொல்லும்போது இந்த மாதிரிக் கணக்கு ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

வாய்ப்புப் பட்டியலைப் படிக்கும்போது எந்த வடிவத்துக்கு உரியது என்பதையும் பாருங்கள். ஹாபி பெட்டியின் எண்களை இணையத்தில் பார்த்துவிட்டு பிளாஸ்டர் வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

யாராவது முன்பே பிரித்து, நல்லதை எடுத்துக்கொண்டு மூடியிருந்தால்?

நடக்கிற விஷயம்தான். பெட்டியைப் பிரிக்காமலேயே வேலையைக் காட்டுகிறவர்களும் உண்டு. சட்டைத் துணி பதித்த கார்டு மற்றவற்றைவிடத் தடிமனாகவும் கனமாகவும் இருக்கும். தனியாகத் தொங்கும் பாக்கெட்டுகளை விரலால் அழுத்திப் பார்த்தோ, சின்னத் தராசில் நிறுத்தோ அதைக் கண்டுபிடித்து எடுத்துப் போய்விடுவார்கள். இதைக் குழப்புவதற்காகச் சில வெளியீடுகளில் நிறுவனமே எதுவும் அச்சடிக்காத தடித்த வெற்று அட்டை ஒன்றை பாக்கெட்டில் வைப்பதுண்டு. உங்களுக்கு அது வந்தால் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

உதிரி பாக்கெட்டைவிட மூடிய பெட்டி பாதுகாப்பு. மேலே சுற்றியுள்ள பிளாஸ்டிக் தாள் இறுக்கமாக இருக்கிறதா, மூடியின் ஓரத்தில் பசை பிசுபிசுக்கிறதா, உள்ளே பாக்கெட்டின் இரு முனைகளிலும் உள்ள பல்வரி ஒழுங்காக அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். பல்வரி இரண்டு தடவை அழுத்தின மாதிரி இருந்தால் சந்தேகப்படலாம். முகம் தெரியாதவரிடம் பழைய பெட்டி வாங்குவதென்றால், அவர் விற்ற வரலாறு என்னவென்று தெரியாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எப்படிப் பிரிப்பது? இதற்கெல்லாமா முறை இருக்கிறது?

இருக்கிறது, ஆனால் பெரிய வித்தை இல்லை. கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். க்ரீம் தடவிய கை வேண்டாம். மேசையில் மென்மையான துணியை விரியுங்கள். குடிக்க வைத்திருப்பதை வேறு மேசைக்கு மாற்றுங்கள். கத்தரிக்கோல் கூடவே கூடாது, பாக்கெட்டின் ஓரத்துக்கும் கார்டின் மூலைக்கும் இடையே இருக்கும் இடைவெளி மிகக் குறைவு. பின்பக்கம் நீளவாக்கில் ஒரு மடிப்பு இருக்கும். இரண்டு கைகளாலும் அதன் இருபுறமும் பிடித்து மெதுவாக இழுத்தால் உறை திறந்துகொள்ளும்.

கார்டுகளை மொத்தமாக எடுத்து, ஓரங்களை மட்டும் பிடியுங்கள். அடுத்ததைப் பார்க்க ஒன்றை இன்னொன்றின் மேல் தேய்த்துத் தள்ளாமல், தூக்கி எடுத்து வையுங்கள். குரோம் மாதிரிப் பளபளக்கும் கார்டுகளில் அந்த ஒரு தேய்ப்பே கீறலாகிவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். பழைய பெட்டியாக இருந்தால் கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி இருக்கலாம். நகத்தை விட்டுப் பிளக்காதீர்கள். கார்டுக் கட்டை லேசாக அப்படியும் இப்படியும் வளைத்தால் தானாக விடும்.

நல்ல கார்டு வந்ததும் முதலில் மெல்லிய ஸ்லீவ், பிறகு கெட்டியான டாப்லோடர். ஸ்லீவ் போடாமல் நேரடியாக டாப்லோடரில் சொருகினால் ஓரம் உரசும். ஸ்லீவின் வாயில் ஒரு மூலையைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் கார்டின் முனை இடிக்காமல் உள்ளே போகும். வழக்கமான கார்டுக்கு 35 பாயின்ட் (தடிமன் அளவு) டாப்லோடர் போதும். துணி பதித்தது அதில் நுழையாது, 130 பாயின்ட் வரை தேவைப்படலாம். இவற்றையெல்லாம் பெட்டியைப் பிரிக்கும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுக் கையில் ரூக்கி ஆட்டோகிராஃப் கார்டைப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் ஸ்லீவ் தேடுவது நல்ல அனுபவமில்லை.

பேஸ், இன்செர்ட், பேரலல் என்றெல்லாம் சொல்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை.

பட்டியலில் 1, 2, 3 என்று வரிசையாக வரும் சாதாரணக் கார்டு பேஸ். அதே படத்தை, அதே எண்ணை, வேறு நிறத்திலோ மினுக்கிலோ குறைவாக அச்சடித்தால் பேரலல். வேறு தலைப்பு, வேறு வடிவமைப்பு, தனி எண் வரிசை என்றால் இன்செர்ட். 23/99 என்று பொறித்திருந்தால் 99 பிரதிகளில் அது 23ஆவது. 1/1 என்றால் உலகத்தில் அந்த ஒன்றுதான். வீரரின் சட்டை எண்ணும் பிரதி எண்ணும் ஒத்துப்போனால் கூடுதல் விலை கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். இதில் எனக்குப் பெரிய ஈடுபாடில்லை, ஆனால் விற்பவருக்கு லாபம்.

கார்டு பளபளக்கிறது. இது பேரலலா, சாதாரண பேஸா?

பிரிஸம் பெட்டியில் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும், ஏனென்றால் அதில் பேஸ் கார்டே பளபளக்கும். சில்வர் பேரலலில் பிரதி எண்ணும் பொறித்திருக்காது. முன்பக்கத்தைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், திருப்பிப் பாருங்கள். பேரலலாக இருந்தால் முதுகில் கார்டு எண்ணுக்கு அருகே ஆங்கிலத்தில் 'பிரிஸம்' என்று தனியாக அச்சாகியிருக்கும். பேஸில் அது இருக்காது. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்தால் சில்வரில் வானவில் நிறங்கள் ஓடும், பேஸில் வெறும் வெள்ளி மினுக்குதான்.

டோன்சிச்சின் 2018-19 பிரிஸம் ரூக்கியின் எண் 280. அதன் பேஸுக்கும் சில்வருக்கும் விலையில் பெரிய இடைவெளி. முதுகில் இருக்கும் அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் சில்வரை பேஸ் விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த மினுக்கு வகைக்கு முன்னோடி டாப்ஸ்தான். 1993இல் வந்த ஃபைனஸ்ட் வெளியீட்டில் ரிஃப்ராக்டர் என்ற பெயரில் அறிமுகப்படுத்தினார்கள். பல டாப்ஸ் வெளியீடுகளில் 'ரிஃப்ராக்டர்' என்ற சொல்லையும் முதுகில்தான் போடுவார்கள்.

ரூக்கி கார்டை எப்படி அடையாளம் காண்பது?

இன்றைய கார்டுகளில் ஆர்.சி. (ரூக்கி கார்டு) என்ற முத்திரையோ, டான்ரஸ் மாதிரி வெளியீடுகளில் 'ரேட்டட் ரூக்கி' என்ற சொல்லோ இருக்கும். பொதுவாக முதல் சீசன் கார்டுதான் ரூக்கி. இரண்டாவது வருடக் கார்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் விலை அந்த அளவுக்கு நிற்பதில்லை. கோபி பிரையன்ட் என்றதும் 1996-97 டாப்ஸ் குரோம் 138ஆம் எண், லெப்ரான் ஜேம்ஸ் என்றதும் 2003-04 டாப்ஸ் குரோம் 111 என்று சேகரிப்பாளர்கள் எண்ணைக்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள்.

சட்டைத் துண்டு வந்திருக்கிறது! அவர் விளையாடியபோது போட்டிருந்த சட்டையா?

முதுகைப் படியுங்கள். பல ரீடெய்ல் கார்டுகளில் 'இந்தத் துணி எந்தக் குறிப்பிட்ட வீரருடனோ ஆட்டத்துடனோ நிகழ்வுடனோ தொடர்புடையதல்ல' என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும். அப்படியென்றால் அது துணி, அவ்வளவுதான். வீரர் அணிந்தது, ஆட்டத்தில் அணிந்தது என்றால் அதைத் தெளிவாக எழுதியிருப்பார்கள். கையெழுத்திலும் இதே கதை. கார்டிலேயே நேரடியாகப் போட்டது ஒரு வகை, ஒளி ஊடுருவும் ஸ்டிக்கரில் வாங்கி ஒட்டியது இன்னொரு வகை. முதலாவதற்குத்தான் மவுசு.

கையெழுத்துக்குப் பதிலாக ரிடெம்ப்ஷன் என்று ஒரு கார்டு வந்தது.

வீரர் உரிய நேரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை, அதனால் அவர் பேருக்கு ஒரு சீட்டு வைத்திருக்கிறார்கள். சுரண்டினால் ஒரு குறியீடு தெரியும். நிறுவனத்தின் தளத்தில் பதிந்தால் கார்டு பிறகு அஞ்சலில் வரும். எப்போது வரும் என்று கேட்காதீர்கள், மாதக்கணக்கில் ஆகலாம். அதிலுள்ள காலாவதி தேதி முக்கியம். பழைய பெட்டியில் தேதி கடந்த சீட்டு வந்தால், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பெட்டி வாங்கி லாபம் பார்க்க முடியுமா?

பிரித்து லாபம் பார்ப்பதைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலோருக்கு முடியாது. பெட்டிக்குக் கொடுத்த பணம் உள்ளேயிருக்கும் கார்டுகளின் விலையாகத் திரும்பி வருவது விதிவிலக்கு. செய்தியில் வருவது வேறு உலகம். ஸ்டெஃபன் கரியின் ஒரே பிரதி லோகோமேன் கார்டு (சட்டையின் என்.பி.ஏ. சின்னத் துணி பதித்தது) 2021இல் 59 லட்சம் டாலருக்கு விற்றது. அதே ஆண்டு லெப்ரானின் 2003-04 எக்ஸ்குவிசிட் வெளியீட்டு ரூக்கி 52 லட்சத்துக்குப் போனது. இவை ரீடெய்ல் அலமாரியில் தொங்கிய பெட்டியிலிருந்து வந்தவை அல்ல.

அந்தக் காலகட்டத்து வெறியையும் சொல்லியாக வேண்டும். 2021 மே மாதம் விஸ்கான்சின் மாநிலம் புரூக்ஃபீல்டில் ஒரு டார்கெட் கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் கார்டுக்காகச் சண்டை மூண்டு துப்பாக்கியை எடுக்கும் அளவுக்குப் போனது. அதன்பின் டார்கெட் கொஞ்ச காலம் விளையாட்டுக் கார்டுகளைக் கடைகளில் விற்பதையே நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு ஜனவரியில் ஃபிளீர் நிறுவனத்தின் 1986-87 ஜோர்டன் ரூக்கி, பி.எஸ்.ஏ. என்ற தர மதிப்பீட்டு நிறுவனத்தின் உச்சமான 10 தரத்தில், 7,38,000 டாலருக்கு விற்றது. சில மாதங்களிலேயே விலை பெரிதும் இறங்கிவிட்டது. உச்சத்தில் வாங்கியவரைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை.

உங்கள் கார்டு எவ்வளவு போகும் என்று தெரிய வேண்டுமா? ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையை வடிகட்டிப் பாருங்கள். கேட்பதற்குக் காசா, பணமா!

என்னைக் கேட்டால், ஒரு வீரரின் கார்டு மட்டும்தான் வேண்டுமென்றால் பெட்டியை விட்டுவிட்டு அந்தக் கார்டைத் தனியாக வாங்குங்கள். பிரிக்கும் சுகத்துக்குக் காசு கொடுக்கச் சம்மதம் என்றால் பெட்டி. மாதம் இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வைத்து, 'இன்னும் ஒரே ஒரு பெட்டி' என்று மனது சொல்லும் இடத்தில் எழுந்துவிடுங்கள். குழந்தைகளோடு சேர்ந்து பிரிக்கும்போது இது இன்னும் முக்கியம், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ., 1999இல் வந்த பெக்கெட்டின் கிரேடிங் பிரிவு போன்றவை கார்டை 10க்கு எவ்வளவு என்று மதிப்பிட்டு, கெட்டிப் பிளாஸ்டிக்கில் மூடித் தருகின்றன. பார்ப்பது நான்கு: படம் நடுவில் இருக்கிறதா, மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு. பாக்கெட்டிலிருந்து நேராக வந்ததாலேயே 10 கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். தொழிற்சாலையிலேயே ஒரு பக்கம் சாய்ந்து வெட்டுப்பட்டவை, அச்சு உருளையின் கோடு விழுந்தவை நிறைய வரும். இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் அளவுகோல் வைத்து ஒப்பிட்டாலே பாதி கார்டுகள் கழிந்துவிடும். மீதியில், கட்டணமும் அஞ்சல் செலவும் போக ஏதாவது நிற்குமா என்று பாருங்கள். சாதாரண பேஸ் கார்டுக்கு நிற்காது.

பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தால்?

சில பெட்டிகள் ஏறியிருக்கின்றன. 1986-87 ஃபிளீர் பெட்டி இன்று மூடியபடி இருந்தால் பெருஞ்சொத்து. அந்தத் தொகுப்பில் இருந்தது மொத்தம் 132 கார்டு, ஜோர்டன் 57ஆம் எண். ஆனால் 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் மிதமிஞ்சி அச்சடித்த பெட்டிகளைப் பலரும் இதே நினைப்பில் பரணில் போட்டார்கள், அவை இன்றும் சல்லிசாகத்தான் கிடைக்கின்றன. அந்த ஆண்டில் யார் ரூக்கி, எவ்வளவு அச்சானது, இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. இரண்டாவது, வாங்கும் நாளில் உங்களுக்குத் தெரியாது.

முழுத் தொகுப்பையும் பெட்டி வாங்கியே சேர்த்துவிடலாமா?

300 கார்டு கொண்ட தொகுப்பு, ஒவ்வொன்றும் சம வாய்ப்பில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், எல்லாம் சேர சராசரியாக 1,900 கார்டு அளவுக்குப் பிரிக்க வேண்டியிருக்கும். அதில் கிட்டத்தட்ட பாதி கடைசிப் பத்துக்கே போகும். பாதிக்கு மேல் சேர்ந்ததும் மாற்றிக்கொள்வது, உதிரியாக வாங்குவது என்று இறங்குங்கள்.

மிச்சமிருக்கும் பேஸ் கார்டுகளை என்ன செய்வது?

ரப்பர் பேண்ட் போடாதீர்கள், ஓரத்தில் பள்ளம் விழும். கார்டு அளவுக்கே செய்த நீள அட்டைப் பெட்டிகள் கிடைக்கும். எண் வரிசையில் நிறுத்தி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்தால் போதும். வேண்டாதவற்றை விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

கொடுக்கும் முன் ஒரு தடவை படங்களை நிதானமாகப் பாருங்கள், பின்னணியையும் சேர்த்து. 1990-91 ஹூப்ஸ் வெளியீட்டில் நியூயார்க் நிக்ஸ் வீரர் மார்க் ஜாக்சனின் 205ஆம் எண் கார்டு பல ஆண்டுகள் சில்லறைக் காசுக்குப் போய்க்கொண்டிருந்தது. பந்தோடு நிற்கும் அவருக்குப் பின்னால், ஆடுகளத்தின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் இரண்டு இளைஞர்கள், பெற்றோரைக் கொன்ற வழக்கில் சிறை சென்ற மெனண்டஸ் சகோதரர்கள் என்பதைப் பிற்பாடு யாரோ கவனித்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஒரு பேஸ் கார்டை மட்டும் பழைய குவியல்களில் துழாவி எடுக்க ஆரம்பித்தார்கள்.